புதிய ஹண்டிங் வில்லில் குறி தப்பாமல் எய்வது எப்படி? சிங்கப்பூர் வில்லாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதிய காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) கைக்கு வந்த முதல் நாளே பலரும் செய்வது, ஆலன் கீயை எடுத்துச் சைட்டை, அதாவது குறி பார்க்கும் கருவியை, திருகுவதுதான். முதல் அம்பு இடப்பக்கம் போனால் ஒரு திருகு, அடுத்தது மேலே போனால் இன்னொரு திருகு. பொழுது சாய்வதற்குள் ஐம்பது தடவை திருகியாகிவிடும். அம்புகள் மட்டும் சிதறியேதான் கிடக்கும்.

சைட் கடைசியில் தொட வேண்டிய பொருள். முதலில் வில் உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். பிறகு அம்பு நேராகப் பறக்க வேண்டும். அடுத்து, இலக்கு மெத்தையில் எந்த மூலையில் விழுந்தாலும் சரி, அம்புகள் ஒன்றுக்கொன்று நெருங்கி விழ வேண்டும். அந்தக் கூட்டத்தை நடுப்புள்ளிக்கு நகர்த்துவது அதற்குப் பிறகு. தேசிய சேவையில் துப்பாக்கி சுட்டவர்களுக்கு இது தெரிந்த வரிசைதான்: குரூப்பிங் முதலில், ஸீரோயிங் பிறகு. வில்லுக்கும் அதுவே.

வேட்டை வில், வேட்டை இல்லாத ஊர்

சிங்கப்பூரில் அனுமதியின்றிக் காட்டு விலங்குகளைக் கொல்வதும் பிடிப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காட்டுப்பன்றி குடியிருப்புப் பக்கம் வந்தாலும் அது தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஆகவே ஹண்டிங் வில் என்ற பெயரில் இங்கே நாம் வாங்குவது, ஒரு வில்வித்தைத் தளத்தில் மெத்தையை நோக்கி எய்யும் வில். சைட், ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பாகம்), அம்புக்கூடு எல்லாம் பூட்டியே ஒரே பெட்டியில் வருவதால்தான் புதியவர்கள் பலர் இந்த ரகத்தை எடுக்கிறார்கள். பந்தய வில்லைவிடக் குட்டை, எடையும் குறைவு. அதனால் கையின் சிறு அசைவைக்கூட அது மன்னிக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வீவக புளோக்கின் கீழ்த்தளம், தாழ்வாரம், பூங்கா, கார் நிறுத்துமிடத்தின் மேல்மாடி, இவற்றில் எங்கும் ஒரு அம்புகூட எய்யக் கூடாது. 50 பவுண்டு வில்லிலிருந்து புறப்படும் அம்பு குறி தப்பினால் 100 மீட்டரைத் தாண்டியும் ஆளைக் கொல்லும். தளத்துக்குப் போவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். காம்பவுண்ட் வில்லை அங்கே அனுமதிக்கிறார்களா? அவர்களின் மெத்தை அதைத் தாங்குமா? சக்கரமில்லாத ரிகர்வ் வில்லுக்கென்று வைத்த பழைய மெத்தையைக் காம்பவுண்ட் அம்பு துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். வெட்டுமுனை அம்புகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தளத்துக்கு வழவழப்பான ஃபீல்டு பாயிண்ட் முனைதான் சரி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் அப்போது லிம்ப்களிலும் (வில்லின் வளையும் இரு கைகள்) கேம்களிலும் (முனைச் சக்கரங்கள்) இறங்கும். கேம் வளையும், நாண் கழன்று தெறிக்கும், லிம்ப் பிளக்கவும் கூடும். தவறி நடந்துவிட்டால் உடனே இன்னொரு அம்பு எய்யாதீர்கள். ஒரு பஞ்சு உருண்டையை லிம்ப்களின் விளிம்பில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டும். பஞ்சு மாட்டாவிட்டாலும் கடையில் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் மறுபடி எய்ய வேண்டும்.

படி 1: இழுப்பு நீளம்

குறி தவறுவதற்குப் புதியவர்களிடம் காணும் முதல் காரணம், வில்லின் இழுப்பு நீளம், அதாவது நாணை முழுதும் இழுக்கும் தூரம், அவர்களின் கைக்கு அதிகமாக இருப்பது. சுவரோடு முதுகை ஒட்டி நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். 170 சென்டிமீட்டர் என்றால் சுமார் 67 அங்குலம், வகுத்தால் 26.8. ஆக, 26.5 அல்லது 27 அங்குலத்தில் தொடங்கலாம்.

இது தொடக்கப் புள்ளி மட்டுமே. முழுதும் இழுத்து நிற்கும்போது பக்கவாட்டிலிருந்து யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தலை பின்னால் சாய்ந்திருக்கிறதா? நாண் மூக்கு நுனியைத் தாண்டிக் கன்னத்துக்குள் அமுங்குகிறதா? இழுக்கும் கையின் முழங்கை அம்பின் கோட்டுக்குப் பின்னால் சுற்றிப் போய்விட்டதா? முன்கையில் நாண் அடித்துச் சிவந்திருக்கிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே நீளம் அதிகம். அரை அங்குலம் குறையுங்கள். வில் பிடிக்கும் கை நன்றாக மடங்கி, தோள் காதருகே ஏறி, உடம்பு நெருக்கிப் பிடித்ததுபோல் இருந்தால் நீளம் போதவில்லை.

சந்தேகம் வந்தால் சற்றுக் குறைவான பக்கமே நில்லுங்கள். நீளம் குறைவான வில்லில் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நீளம் கூடிய வில்லிலோ சைட்டின் பின் (குறிமேல் வைக்கும் சிறு ஊசி) ஒரு இடத்தில் நிற்காது. ஏன் நிற்கவில்லை என்பது கடைசிவரை பிடிபடாது.

பல வில்களில் கேமின் மேலுள்ள மாட்யூலை இரண்டு திருகு கழற்றி நகர்த்தினால் நீளம் மாறும். மேலும் கீழும் இரண்டு கேம் இருந்தால் இரண்டிலும் ஒரே எண்ணில் வைக்க வேண்டும். மாட்யூல் நகராத வில்லை வில் பிரஸ் (லிம்ப்களை நெருக்கி நாணைத் தளர்த்தும் கருவி) உள்ள கடையில் கொடுங்கள். வீட்டில் கயிறு கட்டி லிம்பை வளைத்துப் பார்க்க வேண்டாம்.

படி 2: இழுப்பு எடை

இழுப்பு எடை என்பது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை. ஹண்டிங் வில்களில் அது 60, 70 பவுண்டுவரை போகும். தோல் தடித்த விலங்குக்கு வேண்டிய விசை அது. காகிதத்தில் துளை போட 45 முதல் 50 பவுண்டு தாராளம். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்ச வரம்பே 60 பவுண்டுதான்.

எடை சரியா என்று பார்க்க ஒரு நாற்காலி போதும். உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கி, அம்பு பூட்டிய வில்லை மெத்தைக்கு நேராக நீட்டி இழுங்கள். இதையும் தளத்திலேயே செய்யுங்கள். வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், உடம்பைக் குலுக்காமல் சுவர்வரை, அதாவது நாண் அதற்குமேல் வராமல் நிற்கும் இடம்வரை, இழுக்க முடிகிறதா? முடியாவிட்டால் எடை அதிகம்.

குறைப்பதற்கு லிம்ப் போல்ட்களைத் தளர்த்த வேண்டும். முதலில் பக்கவாட்டில் பூட்டுத் திருகு இருக்கிறதா என்று பார்த்து அதைத் தளர்த்துங்கள். பிறகு மேல் போல்ட் அரைச் சுற்று, கீழ் போல்ட் அரைச் சுற்று என்று மாறி மாறித் திருகுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 பவுண்டு குறையும். எத்தனை சுற்றுவரை போகலாம் என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். அந்த வரம்பைத் தாண்டினால் லிம்ப் வெளியே வந்துவிடும். எத்தனை சுற்று திருகினீர்கள் என்பதை அப்போதே குறித்து வையுங்கள்.

லெட்-ஆஃப் (இழுத்து முடித்ததும் குறையும் எடை) 80 விழுக்காடு உள்ள 60 பவுண்டு வில்லை இழுத்து முடித்தபின் விரலில் தங்குவது 12 பவுண்டுதான். இந்தச் சுகத்தில் ஏமாந்து எடையைக் கூட்டுகிறவர்கள் உண்டு. நாற்பதாவது அம்பில் தோளைக் களைப்பாக்குவது பிடித்து நிற்கும் 12 பவுண்டு அல்ல, ஒவ்வொரு முறையும் தாண்டி வரும் 60 பவுண்டு.

படி 3: வில்லுக்கு ஏற்ற அம்பு

அம்பின் மேல் 500, 400, 340 என்று எழுதியிருப்பது ஸ்பைன் எண். 28 அங்குல இடைவெளியில் இரு முனையிலும் தாங்கிய அம்பின் நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வளைகிறது என்பதே அந்த எண். 500 என்றால் அரை அங்குல வளைவு. எண் குறையக் குறைய அம்பு விறைப்பு. 27 அங்குல இழுப்பு, 50 பவுண்டு, 100 கிரெய்ன் முனை என்றால் 500 பக்கம் வரும். 28 அங்குலம், 60 பவுண்டுக்கு 400 பக்கம். அம்புத் தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் எண்களை வைத்துச் சரிபாருங்கள். எடையைக் குறைத்த பிறகு பழைய அம்பு விறைப்பாகிப் போயிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அம்பின் மொத்த எடை, ஒரு பவுண்டு இழுப்புக்கு 5 கிரெய்னுக்குக் கீழே போகக் கூடாது. 50 பவுண்டுக்கு 250 கிரெய்ன், அதாவது 16 கிராமுக்குச் சற்று மேல். அதற்குக் கீழ் போனால் வெறும் நாணை விட்டதற்கும் எய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 350 முதல் 400 கிரெய்ன் அம்பு இந்த வில்லுக்கு அமைதியாகப் பறக்கும்.

ஒவ்வோர் அம்பின் இறகிலும் மார்க்கரால் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். இந்த ஒரு நிமிட வேலை பிற்பாடு பல வாரக் குழப்பத்தைத் தீர்க்கும். நான்காம் எண் அம்பு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வலப்பக்கம் விலகினால், குற்றம் உங்கள் கையில் இல்லை. அதன் நாக்கை (நாணில் மாட்டும் பின்முனைப் பிளவு) மூன்றில் ஒரு பங்கு சுற்று திருப்பிப் பாருங்கள். அப்போதும் விலகினால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் இரு கையாலும் லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். நெறுநெறு என்று சத்தம் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். பிளந்த கார்பன் அம்பு எய்யும்போது வெடித்து, வில் பிடித்த கையில் சிம்பாக ஏறும்.

படி 4: ரெஸ்ட், டி-லூப், பீப்

அம்பை நாணில் டி-லூப்புக்குள் (ரிலீஸ் கருவியை மாட்டும் சிறு கயிற்று வளையம்) பூட்டிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ரைசரில் (வில்லின் நடுச் சட்டம்) ரெஸ்ட்டைப் பூட்டும் துளையின் நடுவை ஒட்டி அம்பு போக வேண்டும். நாணுக்கு 90 பாகையில் நிற்க வேண்டும். நாக் 2, 3 மில்லிமீட்டர் மேலே இருந்தாலும் பரவாயில்லை, கீழே மட்டும் இருக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் அம்பின் நடுக்கோடு ரைசரின் உட்பக்கச் சுவரிலிருந்து சுமார் 20 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். பல வில்களுக்கு 13/16 அங்குலம் என்று கையேட்டில் பார்க்கலாம்.

இழுக்கும்போது எழுந்து எய்ததும் விழுகிற ரெஸ்ட் உங்களுடையது என்றால், அதன் கயிறு சரியான நேரத்தில் இறுக வேண்டும். கடைசி இரண்டு அங்குல இழுப்பில் ரெஸ்ட் முழுதும் எழுந்து நிற்பது நல்லது. விழுவதற்குத் தாமதமானால் இறகு அதில் உரசும். சந்தேகமிருந்தால் ரெஸ்ட்டின் ஓரத்தில் கொஞ்சம் லிப்ஸ்டிக் பூசி எய்து பாருங்கள். இறகில் சிவப்பு ஒட்டியிருந்தால் உரசுகிறது என்று பொருள்.

பீப் என்பது நாணில் கட்டிய சிறு வளையம், அதன் வழியேதான் சைட்டைப் பார்க்க வேண்டும். அதைச் சரியான இடத்தில் வைக்க உதவி ஆள் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, தாடையில் கை தானாகப் போய் உட்காரும் இடத்தில் நிறுத்தி, கண்ணைத் திறங்கள். பீப்பின் வட்டத்துக்குள் சைட்டின் வட்டம் சுற்றிலும் ஒரே அளவு ஒளி விட்டு உட்கார வேண்டும். தெரியவில்லை என்று தலையைக் குனிந்தாலோ நிமிர்த்தினாலோ பீப் இடம் தவறி இருக்கிறது. பீப்புக்காகத் தலை நகர்ந்தால் களைக்கும்போதெல்லாம் அம்பு மேலும் கீழும் போகும். பீப்பைத்தான் தலைக்கு ஏற்ப நகர்த்த வேண்டும்.

புது நாண் முதல் 100, 200 அம்புகளில் கொஞ்சம் நீளும். பீப் திரும்பிக்கொள்ளும், குறி மெல்லக் கீழே இறங்கும். வில் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அந்தக் கட்டம் முடிந்ததும் கடையில் கொடுத்து நாணின் முறுக்கையும் இரு கேம்களின் நேரத்தையும் ஒருமுறை சரிசெய்து வாங்குங்கள். மெல்ல இழுக்கும்போது இரண்டு கேமும் ஒரே கணத்தில் நிறுத்தத்தைத் தொட வேண்டும். நீங்கள் இழுக்கக் கூட வந்தவர் பார்த்தாலே இது தெரியும்.

படி 5: பிடியும் விடுவிப்பும்

மற்ற எல்லாவற்றையும்விட இதில் அதிக நேரம் செலவழியுங்கள்.

வில்லைப் பிடிக்கக் கூடாது, தாங்க வேண்டும். உள்ளங்கையைத் திறந்து பாருங்கள். கட்டைவிரலைச் சுற்றி வளைந்து இறங்குகிற ஆயுள் ரேகை தெரிகிறதா? வில்லின் பிடி அந்த ரேகைக்குக் கட்டைவிரல் பக்கமாக, அடிச்சதையின் மேல் மட்டும் உட்கார வேண்டும். ரேகையைத் தாண்டிச் சுண்டுவிரல் பக்கச் சதையில் பிடி பட்டால், அந்தச் சதை வில்லைப் பக்கவாட்டில் முறுக்கும். கைமுட்டிகள் நேர்குத்தாக அல்லாமல் 45 பாகை சாய்ந்திருந்தால் கை தானாகவே சரியான இடத்துக்கு வரும். விரல்கள் தளர்ந்து தொங்கட்டும். வில் விழுந்துவிடும் என்ற பயம் விரலை மூட வைக்கும். அதற்குத்தான் மணிக்கட்டு வார். வார் மாட்டியிருந்தால் வில் எங்கும் போகாது.

நம் ஊர் வெக்கையில் பத்தாவது அம்பிலேயே உள்ளங்கை நனைந்து பிடி வழுக்கும். வழுக்கினால் விரல் இறுகும், இறுகினால் வில் முறுக்கும், அம்பு இடம் வலமாகச் சிதறும். ஒரு கைத்துண்டை இடுப்பில் செருகி, ஒவ்வோர் அம்புக்கும் முன்னால் கையையும் பிடியையும் துடையுங்கள். டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் மெல்லிய டேப்பைப் பிடியில் ஒரே ஒரு சுற்று சுற்றலாம். இரண்டு சுற்று வேண்டாம், பிடியின் வடிவம் மாறிவிடும்.

நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் கருவியின் விசையை (ட்ரிகரை) சுட்டுவிரல் நுனியால் தட்டாதீர்கள். விரலின் இரண்டாம் கணுவைக் கொக்கிபோல் விசையில் மாட்டி, விரலை அசைக்காமல் விட்டுவிடுங்கள். பிறகு இழுக்கும் கையின் முழங்கையைப் பின்னுக்குக் கொண்டுபோவதுபோல் முதுகுத் தசையை மெல்ல இறுக்குங்கள். விசை எப்போது விடுபடும் என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்க வேண்டும். பின் நடுப்புள்ளியைத் தொட்ட கணத்தில் தட்டுகிற பழக்கம் வந்துவிட்டால் அதை விரட்ட மாதங்கள் ஆகும். பின் ஆடத்தான் செய்யும். மஞ்சள் வட்டத்துக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் முதுகை இறுக்கிக்கொண்டே இருங்கள். எய்த பிறகும், அம்பு மெத்தையில் குத்தும் சத்தம் கேட்கும்வரை வில் கை இறங்கக் கூடாது.

இதைப் பழக 3 மீட்டர் போதும். இலக்குத் தாள் இல்லாத வெறும் மெத்தை முன் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, முதல் இரண்டு வாரம் நாளைக்கு 30 அம்பு எய்யுங்கள். முன்னால் யாரும் இல்லை, மெத்தை மூன்றே மீட்டரில் இருக்கிறது, தளப் பொறுப்பாளருக்கும் தெரியும் என்றால் மட்டும். சலிப்பான வேலைதான். இதைத் தாண்டிப் போனவர்கள் 30 மீட்டரில் திணறி, மறுபடி இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

படி 6: காகிதமும் இறகில்லா அம்பும்

பழைய செய்தித்தாளை ஒரு சட்டத்தில் இறுக்கிக் கட்டி, அதற்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில் மெத்தை இருக்கும்படி வையுங்கள். 2 மீட்டர் தொலைவில் நின்று தாளின் வழியே எய்யுங்கள். முனை போட்ட வட்டத் துளையைச் சுற்றியே இறகுகளின் கீறலும் இருந்தால் அம்பு நேராகப் போகிறது.

இறகுக் கிழிசல் துளைக்கு மேலே இருந்தால் நாக் உயரமாக இருக்கிறது: டி-லூப்பைக் கொஞ்சம் இறக்குங்கள், அல்லது ரெஸ்ட்டை ஏற்றுங்கள். கீழே இருந்தால் எதிர்மாறு. எவ்வளவு நகர்த்தினாலும் கிழிசல் மாறவில்லை என்றால் இறகு எங்கோ உரசுகிறது. லிப்ஸ்டிக் சோதனைக்குத் திரும்புங்கள்.

இடம் வலமாகக் கிழிந்தால் ரெஸ்ட்டைத் தொடுவதற்கு முன் பிடியைச் சரிபாருங்கள். பக்கக் கிழிசலில் பாதி கை முறுக்குவதால் வருவது. ஐந்து அம்பும் ஒரே பக்கம் ஒரே அளவில் கிழித்தால் மட்டும் ரெஸ்ட்டை 0.8 மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். கிழிசல் சுருங்கினால் அதே திசை, பெரிதானால் மறுதிசை. ஸ்பைன், கேமின் சாய்வு என்று காரணங்கள் பல இருப்பதால் மனப்பாட விதியைவிடத் தாளே நம்பகமானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மூன்று அம்பாவது எய்த பிறகே அடுத்ததை.

அடுத்து ஓர் அம்பின் இறகுகளை நீக்கி, அந்த எடைக்கு ஈடாகப் பின்பக்கம் டேப் சுற்றுங்கள். 10 மீட்டரில் மூன்று இறகுள்ள அம்பும் இந்த வெற்றம்பும் எய்யுங்கள். வெற்றம்பு எந்தப் பக்கம் விலகியதோ அதற்கு எதிர்த்திசையில், அதாவது இறகு அம்புகள் இருக்கும் பக்கம், ரெஸ்ட்டைச் சிறிது நகர்த்துங்கள். 18 மீட்டரில் வெற்றம்பு மற்றவற்றிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் வந்தால் போதும். அதற்கு மேல் துரத்துவது புதியவருக்கு நேர விரயம்.

படி 7: இப்போது சைட்

பெட்டியோடு வரும் தாளில் 20, 30, 40 என்பது யார்டு. நம் தளங்களில் கோடுகள் மீட்டரில் இருக்கும். 20 யார்டு 18.3 மீட்டர் என்பதால், முதல் பின்னை 18 மீட்டருக்கும் மற்றவற்றை 30, 40, 50 மீட்டருக்கும் வையுங்கள்.

10 மீட்டரில் தொடங்குங்கள். ஆறு அம்பு எய்து, அந்தக் கூட்டத்தின் நடுவை மட்டும் பாருங்கள். கூட்டத்திலிருந்து தனித்துப் போன அம்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அம்பு போன பக்கமே பின்னும் போக வேண்டும்: கூட்டம் மேலே என்றால் பின் மேலே, இடப்பக்கம் என்றால் பின் இடப்பக்கம்.

எவ்வளவு நகர்த்துவது? முழுதும் இழுத்த நிலையில் பீப்பிலிருந்து பின்வரை உள்ள தூரத்தை இலக்கின் தூரத்தால் வகுத்து, தவறிய அளவால் பெருக்குங்கள். பீப்புக்கும் பின்னுக்கும் 85 சென்டிமீட்டர், இலக்கு 18 மீட்டர், கூட்டம் 9 சென்டிமீட்டர் தாழ்வு என்றால் பின்னை 4.25 மில்லிமீட்டர் இறக்க வேண்டும். இதே வில்லில் பின் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 18 மீட்டரில் 2 சென்டிமீட்டர், 50 மீட்டரில் 6 சென்டிமீட்டர் மாறும். 50 மீட்டர் போட்டித் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 8 சென்டிமீட்டர். நடுவிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளினாலே வட்டத்துக்கு வெளியே போய்விடும். பின்னைத் தாங்கும் திருகு தளர்ந்தால் என்ன ஆகும் என்று இப்போது விளங்கும். சரியான இடம் கிடைத்ததும் திருகுகளுக்கு நேரே வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். திருகு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

சைட்டில் உள்ள நீர்மட்டக் குமிழியை ஒவ்வோர் அம்புக்கும் பாருங்கள். வில் சாய்ந்தால் அம்பு சாய்ந்த பக்கம் போகும், தொலைவு கூடினால் விலகலும் கூடும். மூன்றாம் அச்சைச் சரிசெய்வது பற்றிப் பலர் நீளமாகப் பேசுவார்கள். அது மேடு பள்ளத்தில் எய்பவர்களுக்கு. சமதளத்தில் எய்யும்வரை அதைத் தள்ளி வைக்கலாம்.

கடைசியாக ஒரு சோதனை. மெத்தையில் மேலிருந்து கீழாக ஒரு டேப் ஒட்டி, அதன் மேல்முனையில் ஒரு புள்ளி வையுங்கள். 18 மீட்டர் பின்னை மட்டும் அந்தப் புள்ளியில் வைத்து 18, 22, 26, 30 மீட்டரில் எய்யுங்கள். அம்புகள் போகப்போகக் கீழிறங்கும், ஆனால் டேப்பை விட்டு விலகக் கூடாது. தொலைவு கூடக்கூட இடப்பக்கம் சாய்ந்து இறங்கினால் ரெஸ்ட்டை அரை மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி, சைட்டை மறுபடி 18 மீட்டரில் சரிசெய்து, திரும்ப எய்யுங்கள்.

சிதறல் சொல்வது என்ன?

அம்புகள் மேலும் கீழுமாக நீண்டு விழுந்தால்: இழுத்தபின் சுவரோடு இறுக்கி நிற்காமல் நாண் மெல்ல முன்னே ஊர்கிறது, அல்லது தாடையில் கை உட்காரும் இடம் மாறுகிறது, அல்லது கேம்களின் நேரம் பிசகியிருக்கிறது.

இடம் வலமாகப் பரந்தால் பெரும்பாலும் பிடி. அடுத்து, நாணை முகத்தில் அமுக்குவது. கண்ணாடி அணிபவர்களுக்கு நாண் சட்டத்தில் படுகிறதா என்றும் பாருங்கள்.

முதல் முப்பது அம்பு நன்றாக இருந்து பிறகு சிதறினால் அது களைப்பு. அன்றைக்கு நிறுத்துங்கள். களைத்த உடம்பு பழகுவது தவறான அசைவைத்தான். காரணமே புரியாமல் எல்லாப் பக்கமும் போனால், முதலில் எல்லாத் திருகுகளையும் இறுக்கிப் பாருங்கள்.

வெயிலும் ஈரமும்

வில்லைப் பட்டப்பகலில் காரின் பின்பெட்டிக்குள் விட்டுப் போகாதீர்கள். சூட்டில் நாண் நீளும், லிம்பின் அடுக்குகள் பிரியலாம். கொசுத் தைலம் தடவிய கையோடு வில்லைத் தொட வேண்டாம். டீட் கலந்த தைலம் சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பின்னின் ஒளியிழையும் லென்ஸும் மங்கிப் போகும். தடவித்தான் ஆக வேண்டும் என்றால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மழையில் நனைந்தால் துடைத்து, பெட்டியைத் திறந்தே வைத்து உலர விடுங்கள். கேமின் அச்சிலும் திருகுகளிலும்தான் துரு முதலில் பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கட்டும். நாணின் இழைகள் பிசிறாகத் தெரிந்தால் மெழுகு தடவி விரலால் தேயுங்கள், நூல் சுற்றிய பகுதிகளைத் தவிர. மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் கையிலிருக்கும் அம்பை எய்து முடிக்க நினைக்காமல், மெல்லத் தளர்த்தி இறக்கிவிட்டுக் கூரைக்குள் வாருங்கள். இழுத்த வில்லை எய்யாமல் இறக்குவதை முதல் வாரத்திலேயே அம்பு பூட்டிய நிலையில் பழகியிருக்க வேண்டும். இறக்கும்போது விரல் விசையில் படாமல், பின் மெத்தையை விட்டு விலகாமல் இருக்கட்டும்.

ஒரு சிறு குறிப்பேட்டில் இவற்றை எழுதி வில் பெட்டியிலேயே வையுங்கள்: இழுப்பு நீளம், லிம்ப் போல்ட் எத்தனை சுற்று, ரைசரிலிருந்து ரெஸ்ட்டின் தூரம், இரு அச்சுகளுக்கு இடையிலான அளவு, பிடியிலிருந்து நாணுக்கு உள்ள அளவு, பீப்பிலிருந்து டி-லூப்வரை எத்தனை மில்லிமீட்டர், ஒவ்வொரு பின்னின் இடம். நாண் மாற்றும் நாளில் கடைக்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினால், அவர் இந்த எண்களுக்கே திரும்பக் கொண்டுவந்து தருவார்.